சிவப்பு வட்டம் போட்ட நாள்காட்டி

எங்கள் லாயத்துக் கதவின் உள்பக்கம் ஒரு நாள்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒரு தேதியில் சிவப்பு வட்டம். அன்றைக்குக் காலையில் ஒரு பெட்டி நிறைய குடற்புழு மருந்துப் பேஸ்ட் குழல்களை எடுத்துக்கொண்டு போய், வரிசையாக எல்லாக் குதிரை வாயிலும் பிதுக்கிவிட்டு, வட்டத்தின் மேல் ஒரு டிக் அடிப்பேன். பெரியது, சின்னது, பால் குடிக்கும் குட்டி என்ற பேதமே கிடையாது. ஒரு தேதிகூடத் தவறியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அப்படி இருந்தும் வெள்ளைக்காலைப் பறிகொடுத்தேன்.

செம்பழுப்பு நிறம், பின்னங்கால் ஒன்றில் மட்டும் வெள்ளை, அதனால் அந்தப் பெயர். ஐந்து மாதக் குட்டி. வயிறு பானை மாதிரி தொங்கும். வளர்கிற குட்டி, நன்றாகத் தின்கிறது, வயிறு ரொம்புகிறது என்று நினைத்துக்கொண்டேன். கையை வைத்துத் தடவியிருந்தால் தெரிந்திருக்கும்: வயிற்றுக்கு மேலே விலா எலும்பு ஒவ்வொன்றும் விரலுக்கு அகப்பட்டது. பிறந்தபோது இருந்த பஞ்சு முடி உதிராமல் திட்டுத்திட்டாக, மினுக்கமே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று மாத வயதில் ஒரு பத்து நாள் இருமியது, மூக்கு ஒழுகியது. சளி என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாவது மாதம் வட்டம் போட்ட தேதி வந்தது. அதுவரை வருஷக்கணக்காக ஐவர்மெக்டின் ஒன்றையேதான் கொடுத்து வந்தேன். ஒரே மருந்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கக்கூடாது, மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று எங்கோ காதில் விழுந்திருந்தது. சரி, இந்த முறை பைரன்டெல் என்று முடிவு செய்தேன். கொடுத்தேன். டிக் அடித்தேன்.

மறுநாள் மதியம் குட்டி முன்னங்காலால் தரையைப் பறித்துக்கொண்டு நின்றது. திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தது. அப்புறம் படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்து மல்லாந்து நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு அப்படியே கிடந்தது. குட்டிகள் வயிற்றுவலியில் அப்படித்தான் கிடக்கும். டாக்டர் வந்து மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் விட்டார். பச்சையாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. அதோடு பால் வெள்ளையில், பென்சில் தடிமனில், ஒரு முழத்துக்குக் கிட்டே நீளமாக ஒரு புழு வாளியில் விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

"கடைசியா எப்போ மருந்து கொடுத்தீங்க?"

"நேத்து காலைல, டாக்டர்."

"அதுக்கு முன்னாடி?"

"சரியா ரெண்டு மாசம் முன்னாடி. ஒரு தேதிகூட விட்டதில்லை."

"எண்ணிப் பார்த்தீங்களா?"

"எதை?"

"முட்டையை."

நான் முழித்தேன். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. அறுவை மேசையில் வயிற்றைத் திறந்தபோது சிறுகுடலில் இரண்டு கை நீளத்துக்குப் புழு, கயிறு திரித்ததுபோல அடைத்துக்கொண்டிருந்ததாம். ஓரிடத்தில் குடல் கிழிந்தும் விட்டது. குட்டி மயக்கத்திலிருந்து எழவே இல்லை.

நடந்தது இவ்வளவுதான். ஏன் நடந்தது என்பதைப் புரிந்துகொள்ளத்தான் எனக்கு வெகுநாள் ஆயிற்று.

வாளியில் விழுந்தது பாராஸ்காரிஸ் என்கிற உருண்டைப்புழு. நம் பேச்சில் நாக்குப்பூச்சி என்று சொல்கிறோமே, மனிதர்களுக்கு வருகிற அதற்குக் குதிரைப் பங்காளி. பெண் புழு 50 சென்டிமீட்டர் வரை போகும். ஒரு நாளைக்கு லட்சத்துக்கும் மேல் முட்டையிடும். முட்டை லத்தியோடு தரையில் விழுந்ததும் உடனே தொற்றாது. வெதுவெதுப்பான நாட்களில் சுமார் இரண்டு வாரம் கிடந்து, உள்ளே இளம்புழு உருவான பிறகுதான் தொற்றும். குட்டி அதை விழுங்கினால் குடலில் பொரிந்து, குடல் சுவரைத் துளைத்து ஈரலுக்குப் போகிறது. அங்கிருந்து நுரையீரல். நுரையீரலிலிருந்து மூச்சுக்குழாய் வழியே மேலேறித் தொண்டைக்கு வந்து, விழுங்கப்பட்டு மறுபடி குடலுக்கே வந்து சேர்கிறது. நான் சளி என்று நினைத்த இருமல் இந்தப் பிரயாணம்தான். முட்டையாக உள்ளே போனது, முட்டையிடும் புழுவாக ஆவதற்குப் பத்திலிருந்து பன்னிரண்டு வாரமாவது பிடிக்கும்.

இந்தப் புழுவுக்கு வேறொரு கீர்த்தியும் உண்டு. 1883-ல் எட்வார்ட் வான் பெனடென் என்ற பெல்ஜிய விஞ்ஞானி, கரு உருவாகும்போது தாயும் தந்தையும் சம அளவில் குரோமோசோம் தருகிறார்கள் என்பதை இதன் முட்டையில்தான் பார்த்தார். குரோமோசோம் எண்ணிக்கை மிகக் குறைவு, முட்டை பெரிது, கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். பரம்பரை அறிவியலுக்கு அஸ்திவாரம் போட்டுக்கொடுத்த புழுவைத்தான் நான் வாளியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு இதெல்லாம் தெரிந்திருந்தாலும் ரசித்திருக்க மாட்டேன்.

என்னை உலுக்கிய விஷயம் வேறு. குட்டிக்கு இந்தப் புழு தாயிடமிருந்துதான் வந்திருக்கும் என்று நான் நிச்சயமாக நம்பினேன். அப்படி இல்லை. வளர்ந்த குதிரைகளுக்கு இதற்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். அவற்றின் லத்தியில் இந்த முட்டை பெரும்பாலும் இருக்காது. போன வருஷத்துக் குட்டிகள் போட்டுவிட்டுப் போன முட்டைதான் இந்த வருஷத்துக் குட்டி வாயில் போகிறது. தடித்த ஓடு, மேலே பசை மாதிரி ஒரு பூச்சு. குளிரோ வறட்சியோ சாதாரணக் கிருமிநாசினியோ அதை ஒன்றும் செய்வதில்லை. மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். அந்தப் பசையால் சுவரில் ஒட்டும், தீவனத் தொட்டியில் ஒட்டும், தாயின் மடியில் ஒட்டும்.

நான் என்ன செய்திருந்தேன் தெரியுமா? வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கும் தூரத்தில் இருக்கும் சின்ன அடைப்பைக் குட்டிகளுக்கென்றே ஒதுக்கியிருந்தேன். நல்ல புல், நல்ல வேலி, கண்ணெதிரே இருக்கும். ஒவ்வொரு வருஷமும் தாய்களும் குட்டிகளும் அங்கேதான். அக்கறையாக, வருஷம் தவறாமல், ஒரு முட்டைக் கிடங்கைக் கட்டி அதற்குள்ளேயே குட்டிகளை விட்டிருக்கிறேன்.

சரி, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கொடுத்த மருந்து என்ன ஆயிற்று? அதுதான் வேலை செய்யவில்லையே. பாராஸ்காரிஸ் ஐவர்மெக்டினுக்கு அசையாமல் இருப்பது முதன்முதலில் 2002-ல் நெதர்லாந்தில் பதிவானது. அதன் பிறகு பல நாடுகளிலிருந்து அதே செய்தி வந்தது. மருந்துக்குப் புழு பழகிப்போய்விட்டது என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். உண்மையில் எந்தப் புழுவும் பழகுவதில்லை. மருந்தில் சாகிறது செத்துப்போகிறது. ஆயிரத்தில் ஒன்று சாகாமல் இருந்தால், அடுத்த தலைமுறை முழுக்க அதன் பிள்ளைகள். நான் சிவப்பு வட்டம் போட்டுப் போட்டு அந்தப் பிள்ளைகளைப் பொறுக்கி வளர்த்திருக்கிறேன்.

ஐவர்மெக்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் அருகே எடுத்த மண்ணில் சதோஷி ஓமுரா கண்டெடுத்த நுண்ணுயிர், வில்லியம் கேம்பல் குழுவினர் கையில் மருந்தானது. 2015-ல் இருவருக்கும் நோபல் பரிசு. கோடிக்கணக்கான மனிதர்களின் கண்ணைக் காப்பாற்றிய மருந்து அது. அதை வாராவாரம் துணி துவைக்கிற மாதிரி கணக்குப் போட்டுக் கொடுத்தது நாங்கள்.

அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் டிரட்ஜ், லயன்ஸ் இருவரும் 1966-ல் சொன்ன யோசனை: எட்டு வாரத்துக்கு ஒரு முறை எல்லாக் குதிரைக்கும் புழு மருந்து. அன்றைக்கு அது அருமையான யோசனைதான். அப்போதைய எமன் ஸ்ட்ராங்கைலஸ் வல்காரிஸ் என்கிற ரத்தப்புழு. குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிக்குள் அதன் இளம்புழு குடியேறும், ரத்தம் உறைந்து அடைக்கும், குடலின் ஒரு பகுதியே செத்துப்போகும். அது முதிர்ந்து முட்டையிட ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அடித்தால் அது தலையெடுக்கவே முடியாது. அப்படியேதான் நடந்தது, பல இடங்களில் அந்தப் புழுவைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. எதிரி போய்விட்டான், பீரங்கியை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. என் நாள்காட்டியில் இருந்தது வேறொரு காலத்தில், வேறொரு புழுவுக்காகப் போட்ட வட்டம்.

அதற்காக மருந்தையே மூட்டை கட்டி வைத்துவிடலாம் என்று கிளம்புகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. டென்மார்க்கில் 1999 முதல் கால்நடை மருத்துவர் சீட்டு இல்லாமல் புழு மருந்து வாங்க முடியாது. முட்டை எண்ணிப் பார்த்து, தேவைப்பட்ட குதிரைக்கு மட்டும் கொடுப்பார்கள். அங்கே கவனித்துப் பார்த்தபோது, அப்படிச் செய்த லாயங்களில் பழைய ரத்தப்புழு மறுபடி எட்டிப்பார்த்திருந்தது. குட்டி விஷயத்தில் அந்த 'எண்ணிப் பார்த்துத் தேவைப்பட்டால் மட்டும்' என்பது கொஞ்சமும் பொருந்தாது. குட்டிக்கு எதிர்ப்புச் சக்தியே வந்திருக்காது. எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தாலும் உள்ளே முட்டையிடும் வயது வராத புழு நிறைய இருக்கலாம்.

ஆக, வேளை பார்த்துக் கொடுக்க வேண்டும். எந்தப் புழுவுக்கு எந்த மருந்து என்று தெரிந்து கொடுக்க வேண்டும். அமெரிக்கக் குதிரை மருத்துவர்கள் சங்கத்தின் வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது: முதல் வருஷத்தில் நாலு முறை. முதல் மருந்து இரண்டு மூன்று மாத வயதில், ஃபென்பென்டசோல் வகையறா. இரண்டாவது, நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள், பால் மறக்கடிக்கும் சமயத்தில். அப்புறம் ஒன்பதாவது மாதம், பன்னிரண்டாவது மாதம். ஒன்பதாவது மாதத்தில் நாடாப்புழுவையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். குட்டிக்கு முப்பது நாளில் ஆரம்பித்து மாதாமாதம் கொடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் குடலில் முட்டையிடும் உருண்டைப்புழு இருக்கவே வாய்ப்பில்லை. யாரைக் கொல்ல அந்த மருந்து?

ஒன்பதாம் நாள் வயிற்றுப்போக்கு பற்றியும் ஒரு வார்த்தை. பிறந்து ஒன்றிரண்டு வாரத்தில் குட்டிக்குப் பேதி ஆகும். அதே சமயத்தில்தான் தாய் முதல் முறை பருவத்துக்கு வரும். உடனே புழு என்று ஓடுவோம். தாய்ப்பால் வழியாக வரும் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்கிற நூல்புழு ஒன்று இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்தப் பேதிக்குப் பெரும்பாலும் குடல் பழகும் மாற்றங்களே காரணம், தானே நின்றுவிடும். அந்த வயதில் லத்தியைப் பரிசோதித்து முட்டை தெரிந்தாலும் நம்புவதற்கில்லை. குட்டி தாயின் லத்தியைக் கொறிக்கும், அந்த முட்டை அப்படியே உள்ளே போய் வெளியே வந்திருக்கும்.

இனி வெள்ளைக்காலின் கதைக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் அதில் ஒரு முடிச்சு பாக்கி இருக்கிறது. ஐவர்மெக்டின் வேலை செய்யாததால் குடல் நிறையப் புழு சேர்ந்தது. பைரன்டெல் வேலை செய்தது. அதுதான் விபரீதம். பைரன்டெல் புழுவின் தசையை ஒரேயடியாக விறைக்க வைத்துவிடும். ஐவர்மெக்டினும் வேலை செய்கிற இடத்தில் புழுவை முடக்கித்தான் போடும், அது தளர்ந்து விழும் வகை. எப்படி ஆனாலும் நூற்றுக்கணக்கில் ஒரே நாளில் பிடியை விட்டால், குட்டியின் ஒல்லிக் குடல் எப்படித் தாங்கும்? ஃபென்பென்டசோல் புழுவின் செல்லுக்குள் இருக்கும் சட்டகத்தைக் குலைத்து, இரை எடுக்க விடாமல், சில நாட்களில் மெல்லக் கொல்கிறது. அதனால்தான் வயிறு பெருத்து, சந்தேகப்படும்படி இருக்கும் குட்டிக்கு அதை முதலில் நினைக்கிறார்கள். அதிலும் அடைப்பு வராது என்று யாரும் எழுதிக்கொடுக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட குட்டிக்கு டாக்டரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள் என்பதை மட்டும் இந்தப் பதிவில் அழுத்திச் சொல்லிவிடுகிறேன்.

மாக்சிடெக்டின் பற்றி இன்னும் கண்டிப்பாகவே சொல்வேன். கொழுப்பில் கரைந்து தங்கும் மருந்து. சின்னக் குட்டிக்கு, அதுவும் மெலிந்த குட்டிக்கு அளவு கூடிப்போனால் மயங்கி விழுந்துவிடும். குறைந்தபட்ச வயது நாட்டுக்கு நாடு வேறுபடும், நாலு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் மருந்து உறையில் போட்டிருக்கும். அளவு கூடிப்போவதும் சுலபம். குழலின் தண்டில் ஒரு வளையம் இருக்கிறதே, எடைக்குத் தக்கபடி திருகி நிறுத்துவது, அதைச் சரியாகப் பூட்டாமல் அழுத்தினால் குதிரை ஒன்றுக்கு உண்டான மொத்தமும் குட்டி வாயில் போய்விடும். குறைத்துக் கொடுப்பதும் தப்பு. வாயில் புல் இருக்கும்போது பேஸ்ட் பிதுக்கினால், குட்டி புல்லோடு உருட்டி நம் சட்டை மேலேயே துப்பும். என் சட்டைகளுக்கு இந்நேரம் குடற்புழுவே வராது.

இப்போது எங்கள் லாயத்தில் ஒரு பழைய மைக்ரோஸ்கோப் இருக்கிறது. முதல் நாள் அதில் ஒன்றும் தெரியவில்லை, காற்றுக் குமிழியைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். வழி சுலபம்தான். புது லத்தி நாலு கிராம், 56 மில்லி கெட்டி உப்புத் தண்ணீர், கரைத்து வடிகட்டி, முட்டை எண்ணுவதற்கென்றே இருக்கும் மக்மாஸ்டர் கண்ணாடியின் இரண்டு அறைகளிலும் ஊற்றி ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். முட்டை உப்புத் தண்ணீரில் மிதந்து மேலே வந்துவிடும், அழுக்கு கீழே தங்கிவிடும். கோடு போட்ட கட்டங்களுக்குள் இருப்பதை எண்ணி ஐம்பதால் பெருக்கினால், ஒரு கிராம் லத்தியில் எத்தனை முட்டை என்பது கிடைக்கும். உருண்டைப்புழு முட்டை பேருக்கேற்றபடி உருண்டை, காப்பிப்பொடி நிறம், தடித்த விளிம்பு. ஒரு தடவை பார்த்தால் மறக்காது. ரத்தப்புழுவும் அதன் உறவுகளும் அடங்கிய ஸ்ட்ராங்கைல் வகை முட்டை நீள்வட்டம், ஓடு மெல்லிசு, உள்ளே திராட்சைக் கொத்து மாதிரி செல்கள். ஐந்து மாதத்தில் எந்த முட்டை அதிகம் என்று பார்த்துத்தான் எந்த மருந்து என்பதை முடிவு செய்ய முடியும். வெள்ளைக்காலுக்கு நான் பார்க்காமல் விட்டது இதைத்தான்.

நீள்வட்ட முட்டைக்காரர்களில் பெரும்பாலோர் சிறு ஸ்ட்ராங்கைல்கள், ஐம்பது இனத்துக்கு மேல். இவற்றின் இளம்புழு பெருங்குடல் சுவருக்குள் உறை போர்த்திப் பதுங்கிக்கொள்ளும், சில சமயம் வருஷக்கணக்கில். பதுங்கி இருப்பது முட்டையிடாது, ஆகையால் எண்ணிக்கையில் வராது. ஒரே சமயத்தில் கும்பலாகச் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தால் ஒரு வயது, இரண்டு வயதுக் குதிரை வாரக்கணக்கில் தண்ணீராகக் கழிந்து, எலும்பும் தோலுமாகிவிடும். சிகிச்சை கொடுத்தும் பாதிக்குப் பாதி பிழைப்பதில்லை என்கிறார்கள். அதனால் ஒரு வயது ஆனதும் நிம்மதி என்று விட்டுவிட முடியாது. கண்காணிக்க வேண்டிய புழு மாறுகிறது, அவ்வளவுதான்.

மருந்தைவிட இப்போது நான் நம்புவது மண்வெட்டியையும் தள்ளுவண்டியையும்தான். வாரம் இரண்டு முறை மேய்ச்சல் நிலத்து லத்தி முழுவதையும் அள்ளிவிடுகிறோம். முட்டை தொற்றும் பக்குவத்துக்கு வருவதற்குள் அது நிலத்தைவிட்டுப் போய்விட வேண்டும் என்பதே கணக்கு. அள்ளியதைக் குவித்துக் கிளறி மக்க வைத்தால், உள்ளே ஏறும் சூட்டில் முட்டை செத்துவிடும். மக்காத லத்தியை மேய்ச்சல் நிலத்துக்கு உரம் என்று இறைப்பது நாமே விதைக்கிற மாதிரி. குட்டி ஈனும் கொட்டகையை ஒவ்வொரு முறையும் காலி செய்து, சுரண்டி, கொதிக்கும் நீராவியால் கழுவுகிறோம். ஜன்னலோரத்துச் சின்ன அடைப்பில் இப்போது கிழக் குதிரைகள் மேய்கின்றன. அவற்றை அந்த முட்டை ஒன்றும் செய்யாது. விழுங்கினாலும் அதோடு அதன் கதை முடிந்தது. குட்டிகள் தூரத்து நிலத்தில் இருக்கின்றன. ஜன்னலிலிருந்து பார்க்க முடிவதில்லை, நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும்.

இந்த வருஷம் ஒரே ஒரு பெண் குட்டி. இரண்டரை மாதத்தில் முதல் மருந்து கொடுத்தோம். ஐந்து மாதம் ஆனதும் எண்ணினேன்: 22 முட்டை, எல்லாம் உருண்டை. ஐம்பதால் பெருக்கினால் 1,100. டாக்டரிடம் பேசி, நாடா வைத்து எடையைக் கணக்குப் பார்த்து, ஃபென்பென்டசோல் கொடுத்தேன். அன்று இரவு மூன்று முறை எழுந்து போய்ப் பார்த்தேன். மூன்று முறையும் தாயின் காலடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

மருந்து வேலை செய்ததா என்று தெரிந்துகொள்ள பதினான்காம் நாள் மறுபடி எண்ண வேண்டும். எண்ணினேன். முதல் அறையில் ஒன்றும் இல்லை. இரண்டாவது அறையில் கடைசிக் கட்டத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில், காப்பிப்பொடி நிறத்தில், உருண்டையாக ஒன்று. இன்னொரு தரம் முதலிலிருந்து எண்ணினேன். அதே ஒன்றுதான். நாள்காட்டி இருந்த இடத்தில் இப்போது ஒரு நோட்டு தொங்குகிறது. அதில் 50 என்று எழுதிவிட்டுக் கண்ணாடியைக் கழுவப் போனேன்.